வாசல் தாண்டாத குதிரைவீரர்

கணவர் இறந்தபின் வந்த மொன்றியல் குளிர்காலங்களில் எனக்குச் சனிக்கிழமைகள்தான் பெரிய தொல்லையாக இருந்தன. ஞாயிறென்றால் பூசை இருக்கிறது. வாரநாட்களில் இல்-பிசாரிலுள்ள முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. சனிக்கிழமைக்கு மட்டும் ஒன்றுமில்லை. நோத்ர-டாம்-த-கிரேஸில், மூன்றாம் மாடி வீட்டில், ஜன்னலுக்குக் கீழே வெப்பமூட்டி தட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மத்தியானம் வரை இரவு உடுப்போடு இருப்பேன். மகள் வன்கூவரில். தொலைபேசியில் தமிழில் தொடங்குவாள், இரண்டு வசனத்துக்குள் ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். நான் "ஓம், ஓம்" என்று சொல்லிக்கொண்டிருப்பேன்.

அப்படியான ஒரு சனிக்கிழமை வீட்டுக்குள் இருக்க முடியாமல் எங்கள் பகுதி நூலகத்துக்குப் போனேன். வாசிக்கப் போகவில்லை. அங்கே ஆட்கள் இருப்பார்கள், அதற்காகப் போனேன். கதவருகே ஒரு அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். பெரியவர்களுக்கான பிரெஞ்சு வாசிப்பு வட்டம், சனிக்கிழமை காலையில், யாரும் வரலாம். எத்தனையோ வருடமாக நான் பேசுகிற பிரெஞ்சு சமையலறைப் பிரெஞ்சு: கத்தி, சூப், சூடு, கவனம், பின்னால் வாறேன். அதைக் கொஞ்சம் திருத்தலாம் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன்.

நடத்தியவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. வெள்ளை முடியைக் கட்டையாக வெட்டியிருந்தார். எங்களைப் போன்றவர்களுக்கு விளங்கவேண்டும் என்பதற்காக ஒவ்வொரு சொல்லையும் கடித்து மென்று பேசுவார். அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் எடுத்துக்கொண்டது, நடுக்காலத்து ஐரோப்பாவில் சொல்லப்பட்ட குதிரைவீரர் கதைகள். பிரித்தானியாவில் ஓர் அரசன், அவனுடைய வட்ட மேசை, அதைச் சுற்றி உட்கார்ந்த வீரர்கள். மேசை ஏன் வட்டம் என்றால், யாரும் தலைமாட்டில் உட்காரக் கூடாது என்பதற்காக. எனக்கு அது பிடித்துக்கொண்டது.

குதிரைவீரர் என்று நான் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. வெறுமனே வீரர் என்று எழுதினால் யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு வேறு முகங்கள் நினைவுக்கு வரும். ஆசிரியை சொன்ன ஆட்கள் வேறு. அவர்கள் சண்டையில் கெட்டிக்காரர்களாக இருந்தால் மட்டும் போதாது. விழுந்துவிட்ட எதிரி மன்னிப்புக் கேட்டால் கொல்லக் கூடாது. கொடுத்த வாக்கை உயிர் போனாலும் காப்பாற்ற வேண்டும். துணையில்லாத பெண்களுக்கும் விதவைகளுக்கும் உதவ வேண்டும். பெண்கள் முன்னால் மரியாதையாகப் பேச வேண்டும்.

இரண்டாவதோ மூன்றாவதோ வகுப்பில் அவர் காதலைப் பற்றிச் சொன்னார். அரசவைகளில் கொண்டாடப்பட்ட அந்தக் காதலுக்கு ஓர் ஒழுங்கு இருந்ததாம். அந்தப் பெண் பெரும்பாலும் இன்னொருவரின் மனைவி, அதுவும் அந்த வீரன் யாருக்குப் பணி செய்கிறானோ அவருடைய மனைவி. அவன் அவளைத் தன் எசமானி போல நடத்துவான். அவள் சொன்னதைச் செய்வான், சொல்லாததையும் செய்வான். ஆனால் எதையும் கேட்க மாட்டான். ஒரு பார்வை, ஒரு சொல் கிடைத்தால் அதை வைத்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டிவிடுவான்.

எனக்குக் காது சூடாகியது. குனிந்து கையுறையை ஒழுங்காக்குவது போலப் பாவனை பண்ணினேன்.

ஏனென்றால் எனக்கு அப்படி ஒருவரைத் தெரியும். அன்று காலையில்கூட அவர் என்னுடைய காரைச் சுற்றிக் கொட்டியிருந்த பனியை வழித்துவிட்டுப் போயிருந்தார்.

அவர் என் கணவரின் கூட்டாளி. ஊரில் இரண்டு பேருக்கும் பழக்கமில்லை, இங்கே வந்த தொடக்கத்தில் கோத்-தே-நேஜில் ஒரே அறையில் இருந்தவர்கள். பிறகு இருவரும் மொன்றியல் துறைமுகப் பக்கம் வேலைக்குப் போனார்கள். கணவர் கொள்கலன் லொறி ஓட்டினார், இவர் களஞ்சியத்தில் பாரந்தூக்கி ஓட்டினார். என் கணவர் என்னைக் கூப்பிட்டெடுத்து நான் விமானத்தால் இறங்கியபோது, மாலையோடு அவரும் பூங்கொத்தோடு இவரும் நின்றார்கள். இவர் கலியாணம் கட்டவில்லை. முதலில் தங்கச்சிமாருக்காக, பிறகு ஊரில் நடந்த சண்டைக்காக, பிறகு வயது போய்விட்டது என்று தள்ளித் தள்ளி அப்படியே விட்டுவிட்டார். என் கணவரை அண்ணை என்பார். அதனால் என்னை அக்கா என்பார், என்னைவிட இரண்டு வயது மூத்தவராக இருந்தும். அந்த அக்காவைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு என்னை யாரோ உயரமான ஒரு கதிரையில் தூக்கி இருத்துவது போல இருக்கும்.

கணவர் போனபின் அவர் செய்யாத வேலை இல்லை. பனி வழிப்பார். காருக்குக் குளிர்காலச் சக்கரம் மாற்றுவார். அரிசிப் பையை மூன்று மாடி தூக்கிவந்து கதவுக்கு வெளியே வைப்பார். உறைமழை பெய்து வீதியெல்லாம் கண்ணாடியாகிக் கிடக்கும் நாட்களில், பஸ்ஸும் ஒழுங்காக வராத இல்-பிசாருக்கு என்னைத் தன் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டுத் துறைமுகத்துக்குப் போவார். அது ஊரின் ஒரு அந்தத்திலிருந்து மற்ற அந்தம். வழியில் வானொலி போடுவார். கதைக்க மாட்டார்.

உள்ளே வரவும் மாட்டார்.

"வாங்கோ, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

"இல்லையக்கா, சப்பாத்தெல்லாம் ஈரம். பேந்து வாறன்."

கோடையிலும் கேட்டுப் பார்த்திருக்கிறேன். அப்போது சப்பாத்து ஈரமில்லை. "வேலைக்கு நேரமாப் போச்சக்கா" என்பார். கதவுக்கு வெளியே போட்டிருக்கும் கால்துடைப்பான் வரைக்கும்தான் அவருடைய எல்லை. எங்கள் கோயில் பங்கில் உள்ள பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். பூசை முடிந்து கோப்பி குடிக்கும்போது ஒருத்தி என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "இந்தக் காலத்திலை இப்பிடி ஒரு மனுசனை எங்கை காணுறது? இத்தனை உதவி செய்தும் வாசல்படி தாண்டினதில்லையாமே. தங்கம்." நானும் தங்கம்தான் என்றேன். அந்தத் தங்கத்தோடு இத்தனை வருடத்தில் அரை மணித்தியாலம் தொடர்ந்து கதைத்ததில்லை என்பதை அவளுக்குச் சொல்லவில்லை.

தை மாதத்தில் எனக்குக் கடும் காய்ச்சல் வந்தது. வேலைக்கு வரவில்லை என்று அறிவித்துவிட்டுப் படுத்துவிட்டேன். பனி வழிக்க வந்தபோது, வேலைநாளில் கார் நின்ற இடத்திலேயே நிற்பதைப் பார்த்து அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பின்னேரம் அழைப்புமணி அடித்தது. எழும்பிச் சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்க் கதவைத் திறந்தேன். கால்துடைப்பானில் ஒரு சுடுபோத்தல், அதற்குள் இரசம். பக்கத்தில் தோடம்பழங்கள், காய்ச்சல் மருந்து. படிக்கட்டுக் கதவு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கீழே இறங்கும் சப்பாத்துச் சத்தம் கேட்டது. கூப்பிட வாயெடுத்தேன், குரல் வரவில்லை.

இரசத்தைக் குசினி மேசையில் வைத்துக் குடித்தேன். மிளகு நன்றாகப் போட்டிருந்தார். அவருக்குச் சமைக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். அதைக் குடித்துக்கொண்டு அழுதேன். காய்ச்சலாலும் இருக்கலாம். நெற்றியில் கை வைத்துப் பார்க்க ஒருவருமில்லாத வீட்டில், உலகத்திலேயே நல்ல மனிதர் கொண்டுவந்த இரசத்தைத் தனியே இருந்து குடிப்பது எப்படியிருக்கும் என்று அதைக் குடித்தவர்களுக்குத்தான் தெரியும்.

சுகம் வந்து மறுபடி வகுப்புக்குப் போனபோது ஆசிரியை ஒரு கதையின் நடுவில் நின்றார். வீரன் ஒருவன் தன் அரசிக்காக நாடு விட்டு நாடு போகிறான், காயப்படுகிறான், பட்டினி கிடக்கிறான். எல்லோரும் அவனுடைய பொறுமையைப் புகழ்ந்து பேசினார்கள். நான் ஒருநாளும் கைதூக்காதவள், அன்று தூக்கினேன். என் பிரெஞ்சில் எப்படியோ கேட்டுவிட்டேன்.

"மடாம், அவன் இவ்வளவும் செய்கிற நேரம் அந்தப் பெண் என்ன செய்கிறாள்?"

ஆசிரியை யோசித்தார். "காத்திருக்கிறாள்" என்றார்.

"அவளுக்கு இது வேண்டுமா என்று யாரும் கேட்டார்களா?"

சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிக்கவில்லை. "அது நல்ல கேள்வி. கதைகளை எழுதியவர்கள் பெரும்பாலும் அதைக் கேட்கவில்லை" என்றார். பிறகு, அந்தக் காலத்துப் பெருமாட்டிகளில் சிலர் தாங்களே இப்படியான கதைகளை எழுதச் சொல்லிக் கேட்டதாகவும், தங்கள் கணவர்மார் பார்க்காத ஒரு பார்வையால் யாராவது தங்களைப் பார்க்க வேண்டும் என்று விரும்பியிருக்கலாம் என்றும் சொன்னார். அதை நான் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டு நடந்தேன். என் கணவர் நல்லவர். ஆனால் லொறியால் இறங்கி வந்தால் சாப்பாடு, செய்தி, நித்திரை. நான் முடி வெட்டினாலும் அவருக்குத் தெரியாது. அவருடைய கூட்டாளிக்குத் தெரியும். "அக்கா முடி வெட்டியிருக்கிறியள்" என்று ஒருமுறை கணவருக்கு முன்னாலேயே சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோலத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது ஞாபகம் வந்தது.

மாசியில் ஒரு காலை காரின் பற்றரி செத்துவிட்டது. அவர் வந்து தன் காரிலிருந்து வயர் போட்டு அதை இயக்கிவிட்டு, கார்த் திறப்பைத் திருப்பித் தர மேலே வந்தார். மூச்சு வாங்கியது. மீசையில் பனி உறைந்திருந்தது.

"கொஞ்ச நேரம் ஓட விட்டிட்டு நிப்பாட்டினனானக்கா. இண்டைக்கு ஒருக்கால் ஓடுங்கோ" என்று திறப்பை நீட்டினார்.

நான் வாங்கவில்லை. "உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.

"இல்லையக்கா, சப்பாத்து..."

"சப்பாத்தைக் கழட்டலாம். ஏன் நீங்கள் ஒருநாளும் உள்ளுக்கு வாறேல்லை? நான் ஏதும் பிழையா நடந்தனானோ?"

அவர் பதறிப்போனார். "ஐயோ, அப்பிடிக் கதையாதேங்கோ."

"அப்ப சொல்லுங்கோ."

அவர் படிக்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஓடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

"அண்ணைக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்தனான். ஆசுப்பத்திரியிலை, கடைசிக் கிழமை. அவளைப் பாத்துக்கொள் எண்டார். ஓம் எண்டனான். பேந்து கையைப் பிடிச்சு, நான் இல்லாத வீட்டுக்குள்ளை நீ கால் வைக்கக் கூடாது, சனம் அவளைப் பற்றி ஒரு கதை கதைக்கக் கூடாது, சத்தியம் பண்ணு எண்டார். பண்ணினனான்."

"நான் அப்ப எங்கை நிண்டனான்?" என்று கேட்டேன்.

"நீங்கள் கீழை கோப்பி வாங்கப் போயிட்டியள்."

நான் கோப்பி வாங்கப் போன நேரத்தில் இரண்டு ஆண்கள் என்னுடைய மிச்ச வாழ்க்கையைப் பேசி முடித்திருக்கிறார்கள். ஒருவர் கேட்டார், மற்றவர் கொடுத்தார். வாக்கு என்றால் வாக்கு. எனக்கு வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செத்துப்போனவரோடு சண்டை பிடிக்க முடியாது. முன்னால் நிற்பவரோ குளிரில் மூக்குச் சிவந்து, ஒரு குற்றவாளி போலத் திறப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அவர் அந்தச் சத்தியத்தைக் கேக்காட்டி நீங்கள் இவ்வளவும் செய்திருக்க மாட்டியள், என்ன?" என்றேன். காயப்படுத்தத்தான் கேட்டேன்.

அவர் முதல்தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"கேக்காட்டியும் வந்திருப்பனக்கா. அது அண்ணைக்குத் தெரியும். அதாலைதான் கேட்டவர்."

மேல்மாடியில் யாரோ கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. அவர் சொன்னது ஒரு சொல்லும் தப்பாமல் எனக்கு விளங்கியது. என் கணவருக்கு விளங்கியிருந்தது என்பதும் விளங்கியது. முடி வெட்டியது தெரியாத மனிதருக்கு இது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் இவரை வீட்டுக்கு வராதே என்று ஒருநாளும் சொல்லவில்லை. ஞாயிறு தவறாமல் பக்கத்தில் இருத்திச் சாப்பாடு போட்டார்.

"அந்தச் சத்தியத்தை நான் விடுறன்" என்றேன். "என்னைக் கேளாமல் செய்த சத்தியம். என்ரை வீடு. நான் கூப்பிடுறன், வாங்கோ."

அவர் வந்தார். குனிந்து சப்பாத்தைக் கழற்ற நெடுநேரம் எடுத்தார். குசினியில் ஜன்னலோரக் கதிரையின் நுனியில் மேலங்கியோடு இருந்தார். தேத்தண்ணீர் போட்டேன். என்ன கதைப்பது? எத்தனையோ வருடமாக அவரிடம் கேட்க நூறு கேள்விகள் வைத்திருந்தேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அவரும் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த வருசம் குளிர் கூட" என்றார். "ஓம்" என்றேன். "துறைமுகத்திலை ஐஸ் உடைக்கிற கப்பல் ஓடுது" என்றார். அதற்கும் ஓம் என்றேன். குடித்து முடித்ததும் எழும்பித் தன் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். "போயிட்டு வாறன்" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

அதற்குப்பிறகு அவர் வரவில்லை. அடுத்த பனிக்கு நான்தான் மண்வெட்டியோடு இறங்கினேன். முதல்நாள் இடுப்பு ஒடிந்தது. வாக்கு இருந்தவரைக்கும் அவருக்கு எங்கே நிற்பது, எவ்வளவு தூரம் வருவது என்று தெரிந்திருந்தது. அந்தக் கால்துடைப்பானில் நின்றுகொண்டு அவர் ஒரு வாழ்க்கையை நடத்தியிருக்கிறார். நான் அதை உருவி எடுத்துவிட்டேன் என்று எனக்குப் பட்டது. ஆனாலும், எடுத்ததற்காக நான் ஒருநாளும் வருந்தவில்லை. அதுவும் உண்மை.

கடைசி வகுப்புகளில் ஆசிரியை அந்த அரசனின் சபை எப்படி உடைந்தது என்று வாசித்தார். அரசியும் முதல் வீரனும் ஒருவரையொருவர் விரும்பியது அரசனுக்குத் தெரியாமலில்லை. அவன் இருவரையும் நேசித்தான், அதனால் பார்க்காதவன் போல இருந்தான். சபையில் இருந்த சிலர்தான் கதைத்தார்கள். கதை பெருத்துச் சண்டையாகி நாடே போய்விட்டது. "யாரில் பிழை?" என்று ஆசிரியை சுற்றிக் கேட்டார். ஒருவர் அரசி என்றார், ஒருவர் வீரன் என்றார். என் முறை வந்தபோது, எனக்குப் பிரெஞ்சில் சொல்லத் தெரியவில்லை என்றேன். தமிழிலும் எனக்குச் சொல்லத் தெரிந்திருக்காது. என் கணவரைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பார்க்காதவர் போல இருந்துவிட்டு, கடைசிக் கிழமையில் பயந்துபோன மனிதரை.

பங்குனி முடிவில் அவர் தொலைபேசியில் அழைத்தார். முழங்காலுக்கு ஏலாது, வேலையை விட்டுவிட்டேன், ரொறன்ரோவில் தங்கச்சி வீட்டோடு போய் இருக்கப் போகிறேன் என்றார்.

"எப்ப?"

"இந்தக் கிழமை."

"சொல்லாமல் போயிடுவியள் எண்டு நினைச்சன்."

"அப்பிடிப் போவனே?" என்றார். ஆனால் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. "அண்டைக்குத் தேத்தண்ணி நல்லாயிருந்தது" என்றார் கடைசியில். வைத்துவிட்டார்.

ஒரு வருடத்துக்கும் மேல் ஒரு செய்தியும் இல்லை. மண்வெட்டி பழகிவிட்டது. பங்கில் அந்தப் பெண் "எங்கை உங்கடை தங்கம்?" என்று கேட்டாள். ரொறன்ரோ போய்விட்டார் என்றேன். அவளுக்குக் கதைக்க வேறொன்றும் கிடைக்கவில்லை. அந்த வகையில் என் கணவர் கேட்டது நடந்திருக்கிறது.

பிறகு ஒரு கோடையில் அவருடைய தங்கச்சி அழைத்தாள். அண்ணைக்குக் கலியாணம், பெரிசா ஒண்டுமில்லை, பதிவும் மத்தியானச் சாப்பாடும், கட்டாயம் வரவேண்டும் என்று அண்ணை சொன்னவர் என்றாள். பெண்ணும் கணவனை இழந்தவளாம். இரண்டு பேருக்கும் வயது போனாலும் துணை வேண்டும்தானே என்றாள். ஓம், வேண்டும்தான் என்றேன். மகளிடம் சொன்னபோது, "நீங்க ஓகேயா அம்மா?" என்று தமிழில் கேட்டாள். ஓகே என்று நான்தான் ஆங்கிலத்தில் சொன்னேன்.

பஸ்ஸில் போனேன். சின்ன மண்டபம். அவர் கோட் போட்டு, மீசையை எடுத்திருந்தார். வேறு ஆள் போல இருந்தார். சிரித்தபோதுதான் அவரென்று தெரிந்தது. இவ்வளவு சத்தமாக அவர் சிரித்து நான் கேட்டதில்லை. மணப்பெண் உயரமானவள், நன்றாகக் கதைப்பவள். என் பக்கத்தில் வந்திருந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களைப் பற்றி எல்லாம் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஏசினதாலைதான் தனக்கு ஒரு வீட்டுக்குள்ளை போய் இருக்கத் துணிவு வந்தது எண்டார்."

"நான் ஏசேல்லை" என்றேன்.

"இவரை ஏசத்தான் வேணும்" என்று சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. பிடிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பகலைக் கடத்துவது இலேசாக இருந்திருக்கும்.

பின்னேர பஸ்ஸில் திரும்பினேன். ஜன்னல் பக்கம் கிடைத்தது. கிங்ஸ்ரன் தாண்டும் வரை வெளிச்சம் இருந்தது, வயல்களில் வைக்கோல் உருளைகள் கிடந்தன. பக்கத்து இருக்கையில் ஒரு பெண் பின்னல் ஊசியோடு வந்து இருந்தாள். எங்கேயிருந்து வருகிறாய் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"ஒரு கலியாணத்திலிருந்து."

"உறவா?"

கூட்டாளி என்று சொல்ல வாயெடுத்து, அது கணவருக்குத்தானே கூட்டாளி என்று நிறுத்திக்கொண்டேன். "என்னிடம் மிகவும் நல்லவராய் இருந்த ஒருவருடைய கலியாணம்" என்றேன். பிரெஞ்சு இலக்கணம் சரியாக வந்தது. அவள் நல்லது என்று சொல்லிவிட்டுப் பின்னலை எடுத்தாள். வழியில் கோர்ன்வோல் ஊர் வரும் வரைக்கும் அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.